இரண்டாம் ஆராதனையை அறிவிக்கும் முன்

சபையில் கூட்டம் கூடக் கூட, முதலில் தட்டுப்பாடாவது பாஸ்டரின் நேரம். நாற்காலி, பார்க்கிங், மைக் எல்லாம் அப்புறம்தான். நாற்பது குடும்பம் இருந்தபோது குழந்தை பிறந்தாலும் வந்தார், வீடு பிரதிஷ்டை என்றாலும் வந்தார். நானூறு குடும்பம் ஆனதும் அவரால் வர முடியவில்லை. ‘பாஸ்டர் முன்ன மாதிரி இல்ல’ என்று பேச்சு கிளம்புகிறது. அந்தப் பேச்சு கிளம்பும் இடத்தில்தான் உங்கள் வேலை ஆரம்பிக்கிறது.

நான் சொல்லும் ‘நீங்கள்’ யார்? உதவிப் போதகர், சர்ச் ஆபீஸ் மேனேஜர், கமிட்டிச் செயலர், வாலிபர் ஐக்கியத்தை நடத்துகிறவர், அடுத்த வருடம் இதில் ஏதோ ஒரு பொறுப்புக்கு வர நினைப்பவர். மேலே வர ஆசைப்படுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்காணிப்புப் பொறுப்பை விரும்புவது நல்ல வேலையை விரும்புவதுதான் என்று பவுலே தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். அதே பொறுப்பை உங்கள் பக்கத்து பெஞ்சில் இருப்பவரும் விரும்புகிறார் என்பதையும் மனதில் வையுங்கள். நன்றாகப் பாடுகிறவர், நன்றாகப் பிரசங்கிக்கிறவர் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். அரிதாகக் கிடைக்கும் திறமை வேறொன்று. ஒரு மாற்றம் வரும்போது யார் எதை இழக்கப்போகிறார் என்பதை அறிவிப்புக்கு முன்பே கண்டுபிடித்து, அவர் வீட்டுக்கே போய்ப் பேசிவிடும் திறமை. அது யாருக்குக் கைவருகிறதோ, அவர் இல்லாமல் எந்தத் தலைமைப் போதகராலும் பெரிய முடிவு எதையும் எடுக்க முடியாது.

1. முதலில் தலையை எண்ணுங்கள்

பதிவேட்டில் இருக்கும் பெயர் ஒரு கணக்கு. சந்தா கட்டுகிறவர் இன்னொரு கணக்கு. ஞாயிறு காலையில் உட்கார்ந்திருப்பவர் வேறு கணக்கு. உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை நீங்கலாக மூன்று மாத ஞாயிறு வருகையை எண்ணி எக்செல்லில் போடுங்கள். பிரசங்கம் தொடங்கும்போது எண்ணுங்கள். ஆரம்பப் பாட்டில் எண்ணினால் பல பேர் இன்னும் வழியில்தான் இருப்பார்கள்.

அமெரிக்க எபிஸ்கோபல் சபைக்காக ஆர்லின் ராத்தாஜ் 1983-இல் ஒரு கையேடு எழுதினார். ஐம்பது பேர் வரை வரும் சபை ஒரு குடும்பம் மாதிரி இயங்குகிறது, 50 முதல் 150 வரை எல்லாம் போதகரைச் சுற்றி நடக்கிறது, அதைத் தாண்டினால் குழுக்களும் நிகழ்ச்சிகளும் சபையைத் தாங்க வேண்டும், 350-க்கு மேல் அது ஒரு பெரிய நிறுவனத்தைப் போல நடக்க வேண்டும் என்றார். ஒரே சேகரகுரு பல கிராம சபைகளைப் பார்த்துக்கொள்ளும் திருநெல்வேலிப் பக்கத்துக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனால் அடிப்படை பொருந்தும். 150-ஐத் தாண்டும் சபையில் பழைய ஆட்கள் போதகரோடு தங்களுக்கிருந்த நேரடித் தொடர்பை இழக்கிறார்கள். கமிட்டியில் வெடிக்கும் சண்டைகள் பலவற்றுக்கு வேர் அங்கே இருக்கும், வெளியே பேசப்படும் விஷயம் ஃபேனாகவோ பெயின்டாகவோ இருந்தாலும்.

2. இழப்புப் பட்டியல் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு தாளை எடுத்து மாற்றத்தை மேலே எழுதுங்கள். கீழே யார், எதை இழக்கிறார்கள் என்று பெயரோடு எழுதுங்கள்.

காலை 8.30-க்கு நடக்கும் ஒரே ஆராதனையை 6.30, 9.30 என்று இரண்டாகப் பிரிக்கப்போகிறீர்கள் என்று வையுங்கள். சுகர் மாத்திரை போடும் பெரியவர் 6.30-க்கு வந்தால் டிபன் சாப்பிட முடியாது. 9.30-க்கு வந்தால் வெயிலில் திரும்ப வேண்டும். ஞாயிறு பள்ளி டீச்சர் எந்த ஆராதனையில் உட்காருவார்? கொயரை இரண்டாகப் பிரித்தால் இருபது வருடம் பக்கத்தில் நின்று ஆல்டோ பாடிய இரண்டு பெண்கள் பிரிவார்கள். மாமியார் முதல் ஆராதனை, மருமகள் இரண்டாவது என்றானால் சமையல் யாருடையது? ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் டீயோடு நின்று பேசுவார்களே, அந்த அரைமணி நேரம் இனி கிடையாது, ஏனென்றால் அடுத்த கூட்டத்துக்கு வண்டிகள் உள்ளே வந்துகொண்டிருக்கும்.

இவையெல்லாம் வாய்விட்டுச் சொல்லப்படும் இழப்புகள். இவற்றுக்கு வழி கண்டுபிடிக்கலாம். வாய்விட்டுச் சொல்லப்படாதது மரியாதை. அறிவிப்பு வாசிக்கும் அண்ணனைப் பாருங்கள். வாரம் முழுக்க ஒரு கம்பெனியில் யாரும் கவனிக்காத கிளார்க். ஞாயிறு ஐந்து நிமிடம் மைக் முன்னால் நிற்கும்போது ஊரே அவரைக் கேட்கிறது. புதிய ஆராதனையில் அறிவிப்புகள் ஸ்கிரீனில் போகும் என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள். அவர் எழுந்து, ‘ஸ்கிரீன் வாங்க இவ்வளவு செலவு தேவையா?’ என்று கேட்பார். நீங்கள் கொட்டேஷனை எடுத்துக் காட்டுவீர்கள். அவர் இன்னொரு கேள்வி கேட்பார். கொட்டேஷனால் அந்த வாதம் தீராது.

என்ன செய்வது? அறிவிப்புக்கு மூன்று வாரம் முன்பே அவர் வீட்டுக்குப் போங்கள். போனில் வேண்டாம். ‘அண்ணே, ரெண்டு ஆராதனை வைக்கலாம்னு பாஸ்டர் யோசிக்கிறாங்க. உங்ககிட்ட பேசாம எதையும் முடிவு பண்ண வேண்டாம்னு வந்தேன். இதுல உங்களுக்கு எது கஷ்டமா இருக்கும்?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். முதலில் மற்றவர்களின் கஷ்டத்தைச் சொல்வார். ‘பெரியவங்களுக்குத்தான் தம்பி சிரமம்’ என்பார். டீ வரும். இரண்டாவது டம்ளர் வரும்போது தன் விஷயத்தைச் சொல்வார்.

அதற்குப் பதிலாக எதைக் கொடுக்கப்போகிறீர்கள் என்பதில் கவனம் தேவை. வெறும் பட்டம் கொடுக்காதீர்கள். ‘ஆலோசகர்’ என்று பெயர் வைத்து ஓரம்கட்டுவது இரண்டு வாரத்தில் அவருக்கே புரிந்துவிடும். உண்மையான வேலை கொடுங்கள். புதிதாக வரும் குடும்பங்களை வரவேற்று, பெயர் எழுதி, அந்த வாரமே போன் செய்யும் குழு அவருடையதாகட்டும். ஒரு சின்ன பட்ஜெட்டும் அவர் கையெழுத்தில் போகட்டும்.

3. குறை சொன்னவர்களிடமே சாவியைக் கொடுங்கள்

வளரும் சபையில் வந்த முதல் பெரிய நிர்வாகப் பிரச்சினை அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் இருக்கிறது. எருசலேமில் சீஷர்கள் பெருகினார்கள். கிரேக்க மொழி பேசிய யூதர்கள், தங்கள் விதவைகள் தினசரிப் பந்தியில் விடுபட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுத்தார்கள். பன்னிருவர் செய்ததைக் கவனியுங்கள். ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று மறுக்கவில்லை. பந்தி வேலையையும் தாங்களே பார்ப்பதாகச் சொல்லி இன்னும் களைத்துப்போகவில்லை. சபையைக் கூட்டி, ஆட்களுக்கு இருக்க வேண்டிய தகுதியைச் சொல்லி, ‘நீங்களே ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள்’ என்றார்கள்.

தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பெயரைப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டுப்போன கூட்டத்தின் பக்கமிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்றுதான் இதை வாசிக்கத் தோன்றுகிறது. பிரசங்கங்களில் ஸ்தேவானின் மரணம் பேசப்படும் அளவுக்கு இந்தப் பட்டியல் பேசப்படுவதில்லை. நிர்வாகம் கற்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் வேறெங்கும் கிடைப்பது கஷ்டம்.

இன்று உங்கள் சபையில் அந்த விதவைகள் யார்? திருப்பூரிலோ ஓசூரிலோ என்றால் பின்வரிசையில் உட்காரும், தமிழ் பாதி புரியும் வட மாநிலத் தொழிலாளியாக இருக்கலாம். சென்னையில் கீர்த்தனை வாசிக்கத் தெரியாத, இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பிள்ளைகளாக இருக்கலாம். அவர்களுக்காக ஒரு கமிட்டி போட்டு, அதில் அவர்களில் ஒருவரைக்கூட வைக்காத சபைகள் நிறைய. நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள். ஐந்து பேர் குழு என்றால் மூன்று பேர் அவர்கள் பக்கத்து ஆட்களாக இருக்கட்டும்.

4. தலைமைப் போதகரை ஆச்சரியப்படுத்தாதீர்கள்

நல்ல யோசனையோடு வந்த பல உதவிப் போதகர்கள் தோற்பது இங்கேதான். கமிட்டிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் யோசனையை எடுத்துவிடுகிறார்கள். அது எவ்வளவு நல்லதாக இருந்தாலும், ‘எனக்குத் தெரியாமல் இது எப்படி வந்தது?’ என்ற கேள்வியோடுதான் பாஸ்டர் அதைக் கேட்பார்.

ஒரு பக்கத்தில் எழுதித் தனியாகக் கொடுங்கள். பிரச்சினை என்ன, மூன்று மாத எண்ணிக்கை என்ன, இரண்டு மூன்று வழிகள், ஒவ்வொன்றுக்கும் செலவு, ஒவ்வொன்றிலும் யார் வருத்தப்படுவார்கள். கடைசி வரியைத்தான் அவர் முதலில் படிப்பார். அவர் திருத்தட்டும். திருத்தும்போதுதான் அது அவருடைய திட்டமாகும். பீடத்திலிருந்து அறிவிப்பதும் அவரே. உங்கள் பெயர் எங்கே வரும் என்று கேட்கிறீர்களா? மினிட்ஸில் வரும். மினிட்ஸ் எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் விரும்பாத வேலை அது. என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று மூன்று வரியில் எழுதி மறுநாளே அனுப்புகிறவரைத்தான் ஒரு வருடத்தில் எல்லாரும் தேடி வருவார்கள்.

5. ‘ஆறு ஞாயிறு முயற்சி செய்வோம்’

நிரந்தரம் என்று சொன்னால் எதிர்ப்பு வரும். ஆறு ஞாயிறு என்று சொல்லி, ஏழாவது ஞாயிறு மாலை உட்கார்ந்து பேசுவோம் என்று தேதியையும் அறிவியுங்கள். அந்தத் தேதியில் கட்டாயம் உட்காருங்கள். தள்ளிப்போட்டால் அடுத்த முறை உங்கள் வார்த்தையை யாரும் நம்ப மாட்டார்கள்.

எப்போது தொடங்குவது? லெந்து காலத்தில் வேண்டாம். டிசம்பரில் வேண்டவே வேண்டாம். மே மாதம் பாதிப் பேர் ஊரில் இருப்பதில்லை, மீதிப் பேருக்குக் கல்யாணம். சி.எஸ்.ஐ. சபை என்றால் மூன்று வருடத்துக்கொரு முறை வரும் தேர்தல் நேரத்தைத் தவிருங்கள். அப்போது டீ டம்ளர் மாற்றினாலும் அது ஒரு அணியின் வேலையாகப் பார்க்கப்படும். பள்ளி திறந்து ஒரு மாதம் கழித்துத் தொடங்குவது என் கணக்கில் நல்ல நேரம்.

நேரக் கணக்கை, திருவிருந்து ஞாயிறை வைத்துப் போடுங்கள். சாதாரண ஞாயிறை வைத்துப் போட்டால் மாதம் ஒருமுறை முதல் கூட்டமும் இரண்டாம் கூட்டமும் கேட்டில் முட்டிக்கொள்ளும்.

6. வீட்டுக் கூட்டங்கள்: சியோல் சொல்லித்தரும் பாடம்

போதகரின் நேரம் பற்றாதபோது எல்லாரும் கையில் எடுப்பது செல் குரூப். அந்த முறையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது தென்கொரியத் தலைநகர் சியோலில் உள்ள யோய்தோ முழுச் சுவிசேஷ சபை. 1958-இல் யோங்கி சோவும் சோய் ஜா ஷில் அம்மையாரும் மிகச் சிறிய அளவில் தொடங்கியது. ஆறே வருடத்தில் ஆயிரக்கணக்கில் வளர்ந்தது. எல்லாவற்றையும் தானே பார்த்த சோ 1964-இல் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தபோது உடல் தளர்ந்து விழுந்தார். படுக்கையில் இருந்தபோதுதான் யாத்திராகமம் 18 அவருக்கு வழிகாட்டியது. காலை முதல் சாயங்காலம் வரை வழக்குக் கேட்ட மோசேயிடம் மாமனார் எத்திரோ, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்குத் தலைவர்களை வையுங்கள் என்று சொன்ன இடம்.

சோ தன் சபையின் ஆண் பொறுப்பாளர்களிடம் வீட்டுக் கூட்டங்களை நடத்தச் சொன்னார். அவர்கள் தயங்கினார்கள். பெண்களிடம் கொடுத்தார். 1960-களின் கொரியாவில் அது சாதாரண முடிவு இல்லை. அந்தப் பெண்கள் எழுப்பிய சபைதான் பிறகு உலகிலேயே மிகப் பெரிய சபைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சமையல் ஏற்பாட்டோடு நிறுத்தப்பட்டிருக்கும் எத்தனை தலைவிகள் இருக்கிறார்கள் என்று ஒருமுறை யோசியுங்கள்.

ஆரம்பத்தில் அங்கே வந்த சிக்கல்களையும் சோ மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஒரு வீட்டில் பலகாரம் கொடுத்தால் அடுத்த வீட்டில் விருந்து. அந்தப் போட்டியில் வசதியில்லாதவர் தன் வீட்டுக்கு அழைக்கவே கூசினார். உறுப்பினர்களுக்குள் கடன் கொடுக்கல் வாங்கல் வந்தது. யார் யாரோ வெளிப் பிரசங்கியார்களைக் கூட்டிவந்தார்கள். காணிக்கை கையாளுவதில் குழப்பம். படிக்கும்போது நம் தெருவைப் பற்றியே எழுதியது போல இருக்கும். ஆகவே முதல் நாளே விதிகளை எழுதிக் கொடுங்கள்: டீயும் பிஸ்கட்டும் மட்டும். சீட்டு, கடன், இன்சூரன்ஸ், நெட்வொர்க் மார்க்கெட்டிங் பேச்சு கூடாது. வெளிப் பேச்சாளர் என்றால் ஆபீஸில் கேட்க வேண்டும். காணிக்கை எடுத்தால் அன்றே இருவர் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். பதினைந்து பேரைத் தாண்டினால் பிரிக்க வேண்டும். அடுத்த தலைவரைப் பிரிவதற்கு முன்பே தயார் செய்திருக்க வேண்டும்.

7. பணமும் சட்டமும்

யோய்தோவின் இன்னொரு பாடம் கசப்பானது. சபைக்குப் பெரும் நஷ்டம் ஏற்படுத்தி, மகனிடமிருந்த பங்குகளைச் சந்தை விலையைவிட அதிக விலைக்குச் சபைப் பணத்தில் வாங்கவைத்த வழக்கில் 2014-இல் சோ குற்றவாளி என்று தீர்ப்பானது. நஷ்டம் சுமார் 1,300 கோடி வொன். சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. அரை நூற்றாண்டு உழைப்பின் மேல் விழுந்த நிழல் அது. ஒரு மனிதரை நம்பும் சபைக்கும் இரட்டைக் கையெழுத்து வேண்டும். மனிதர் நல்லவர் என்பதாலேயே வேண்டும். நாளை அவர் மேல் பழி வந்தால் அவரைக் காப்பாற்றுவது வவுச்சர்தான்.

வளரும் சபையில் நீங்கள் தெரிந்திருக்க வேண்டியவை சில.

ஞாயிறு பள்ளி: 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். கமிட்டிக்குள் பேசி முடிப்பது தீர்வல்ல, மறைப்பதே தண்டனைக்குரியது. எந்த வகுப்பிலும் ஒரே ஒரு பெரியவர் தனியாக இருக்கக் கூடாது என்பதை விதியாக்குங்கள்.

ஊழியர்கள்: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகாருக்கான உள்ளகக் குழு அமைக்க வேண்டும். வாட்ச்மேன், டிரைவர், ஸ்கூல் ஆயா எல்லாரையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

வெளிநாட்டுப் பணம்: துபாயில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு. அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்ட உறவினர் அனுப்புவது வேறு. அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக் கூடாது. இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துவைத்திருக்கும் ஆபீஸ் மேனேஜர் சபையைப் பெரிய சிக்கலிலிருந்து காப்பாற்றுவார்.

அக்கம்பக்கம்: சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் இருந்த ஒரு முழுச் சுவிசேஷ சபைக்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் டிரம்ஸ், ஒலிபெருக்கிச் சத்தம் தொடர்பாக வழக்கு நடந்து, 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மற்றவர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்பது அதன் சாரம். குடியிருப்புப் பகுதியில் பகல் நேர வரம்பு 55 டெசிபல். புது சவுண்ட் சிஸ்டம் வாங்கிய அன்றே, எதிர்வீட்டு மொட்டை மாடியில் நின்று கேட்டுப் பாருங்கள். எதிர்வீட்டாரின் அனுமதியோடு, கையில் ஒரு கேக்கும் எடுத்துக்கொண்டு போனால் அவர்கள் போன் நம்பரும் கிடைக்கும். புகார் போலீசுக்குப் போகும் முன் உங்களுக்கு வரும்.

8. உங்கள் சொந்தக் கணக்கு

சேரும்போதே அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கேளுங்கள். ஊழியம் என்பதால் சம்பளம் பேசக் கூடாது என்று யாரும் உங்களைக் கூச வைக்க விடாதீர்கள். வேலை நேரம், வார விடுமுறை, யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்பவை எழுத்தில் இருக்கட்டும். ஞாயிறு உழைக்கிறவருக்கு வேறொரு நாள் ஓய்வு வேண்டும். செல்போனை அன்று அணைத்துவைக்கும் உரிமையும் வேண்டும்.

சுயாதீன சபையில் சேர்கிறீர்கள் என்றால் அடுத்த தலைமை யார் என்பதை முதல் வருடத்திலேயே புரிந்துகொள்ளுங்கள். மகனோ மருமகனோதான் என்று ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தால், அதோடு சண்டை போட்டு உங்கள் முப்பதுகளை வீணாக்காதீர்கள். அந்தச் சபையில் நிர்வாகம் கற்றுக்கொள்ளுங்கள், நல்ல பெயரோடு வெளியே வந்து உங்களுடையதைக் கட்டுங்கள். பாதிக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு பக்கத்துத் தெருவில் ஷெட் போடுவது மட்டும் வேண்டாம். அப்படித் தொடங்கியவரின் கூட்டத்தையும் ஒருநாள் இன்னொருவர் கூட்டிக்கொண்டு போவதைத் தமிழ்நாட்டுப் பாஸ்டர்கள் எல்லாருமே பார்த்திருக்கிறார்கள்.

மறைமாவட்ட அமைப்பில் இருப்பவருக்கு டிரான்ஸ்ஃபர் நிச்சயம். எனவே முதல் மாதத்திலேயே ஒரு ஹேண்ட்-ஓவர் ஃபைல் திறங்கள். வருகைக் கணக்கு, மினிட்ஸ், வங்கிக் கணக்குகளில் யார் யார் கையெழுத்து, கட்டட அனுமதிக் கடிதங்கள், சவுண்ட் சிஸ்டம் வாரன்டி, வீட்டுக் கூட்டத் தலைவர்கள், அவர்களுக்குப் பின் தயாராகிறவர்கள். கடைசித் தாளாக, எந்த மாற்றத்தில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்ற பட்டியலை வையுங்கள். அடுத்து வருபவர் முதல் வாரமே போய்ப் பார்க்க வேண்டிய ஐந்தாறு வீடுகளின் பெயரும் கதவு எண்ணும் அதில் இருக்கட்டும்.